பழைய நிகழ்பட ஆட்டத் திரட்டை விற்றல்

பழைய நிகழ்பட ஆட்டத் திரட்டு என்பது, உற்பத்தி நின்றுபோன ஆட்டக் கருவிகளையும் அவற்றுக்குரிய கேட்ரிட்ஜ், குறுவட்டு, அட்டைப்பெட்டி, கையேடு முதலியவற்றையும் ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பு ஆகும். 1977இல் வெளிவந்த அட்டாரி 2600 முதல் 2000களின் தொடக்கக் காலக் கருவிகள் வரை பொதுவாக இதில் அடங்கும். இத்தகைய திரட்டை விற்பதா, விற்பதானால் எவ்வாறு விற்பது என்பது 1980களிலும் 1990களிலும் சிறுவர்களாக இருந்த பலர் இன்று எதிர்கொள்ளும் கேள்வி. இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்கச் சந்தையை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டில் 1990களில் "டிவி கேம்" என்று விற்கப்பட்டவை பெரும்பாலும் நின்டென்டோவின் பேமிகாம் கருவியின் நகல்களே. அவற்றின் "கேசட்"டுகளுக்குச் சேகரிப்போர் சந்தையில் பெரிய மதிப்பு இல்லை.

விலை உருவாகும் விதம்

பழமை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 4 கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையானது. ஆகவே பெட்டியில்லாத அதன் கேட்ரிட்ஜ் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. எத்தனை படிகள் எஞ்சியுள்ளன, எத்தனை பேர் அதைத் தேடுகின்றனர் என்ற இரண்டுமே விலையை ஆக்குகின்றன.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்டேடியம் ஈவன்ட்ஸ் என்னும் ஓட்டப்பந்தய ஆட்டம். பண்டாய் நிறுவனம் 1987இல் இதைக் காலால் மிதித்து ஆடும் விரிப்புடன் அமெரிக்காவில் வெளியிட்டது. பின்னர் அவ்விரிப்பின் உரிமையை நின்டென்டோ வாங்கிக்கொண்டு, 1988இல் வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட் என்ற புதிய பெயரில் அந்த ஆட்டத்தை வெளியிட்டது. பழைய பெயருள்ள படிகள் மிகச் சிலவே மக்கள் கைக்குச் சென்றன. உள்ளிருக்கும் ஆட்டம் ஏறத்தாழ ஒன்றே. எனினும் புதிய பெயருள்ள கேட்ரிட்ஜ் சில டாலர்களுக்கும், பழைய பெயருள்ளது பல ஆயிரம் டாலர்களுக்கும் விற்கப்படுகின்றன. விலை கொடுப்பவர் ஆட்டத்துக்கு அல்ல, ஒட்டுத்தாளுக்கே கொடுக்கிறார் எனலாம்.

மறுவெளியீடு வந்தால் பழைய படியின் விலை சரியும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. எப்போதும் அவ்வாறு நிகழ்வதில்லை. 1995இல் அமெரிக்காவில் வெளிவந்து அப்போது அதிகம் விற்காத எர்த்பவுண்ட், 2013இல் வீ யூ கருவிக்கும் 2022இல் சுவிட்ச் கருவிக்கும் மீண்டும் கிடைத்தது. ஆனாலும் அதன் பழைய கேட்ரிட்ஜ் இன்றும் விலையுயர்ந்தவற்றுள் ஒன்று.

ஒரே ஆட்டத்துக்கு மூன்று விலைகள் உண்டு: தனிக் கேட்ரிட்ஜ், பெட்டி கையேட்டுடன் முழுமையானது, பிரிக்கப்படாதது. சிறுவர்கள் அட்டைப்பெட்டியை முதல் நாளே கிழித்தெறிந்தமையால், பல நேரங்களில் வெறும் பெட்டியே ஆட்டத்தைவிடக் கூடுதல் விலை பெறுகிறது.

2021 ஆம் ஆண்டின் ஏலங்கள்

2021 சூலையில் பிரிக்கப்படாத சூப்பர் மாரியோ 64 ஒன்று ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 15.6 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, பிரிக்கப்படாத சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஒன்று 1,14,000 டாலர் பெற்றதே பெருஞ்செய்தியாக இருந்தது. இப்பொருள்கள் வாட்டா என்னும் தரமிடும் நிறுவனத்தால் நெகிழிப் பேழையில் அடைக்கப்பட்டு மதிப்பெண் இடப்பட்டவை. சந்தை விலையைச் செயற்கையாக உயர்த்தியதாகக் குற்றஞ்சாட்டி 2022இல் வாட்டாவின் மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது.

இச்செய்திகளைப் படித்தபின் பரணைத் திறப்பவர்கள் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். அவை ஒருமுறைகூடத் திறக்கப்படாத, மூலைகள் மழுங்காத பெட்டிகள். விளையாடப்பட்ட திரட்டு வேறொரு சந்தையைச் சேர்ந்தது. கேட்கப்படும் விலையும் கிடைக்கும் விலையும் ஒன்றல்ல ஆதலால், ஈபே தளத்தில் முடிந்த விற்பனைகளை மட்டும் வடிகட்டிப் பார்ப்பதும், அவற்றைத் தொகுத்துத் தரும் பிரைஸ்சார்ட்டிங் போன்ற தளங்களைப் பார்ப்பதும் பொருத்தமான வழி.

விற்பதா, வைத்திருப்பதா

வைத்திருந்தால் விலை ஏறும் என்பது பாதி உண்மையே. பொருள் காலத்தோடு கெடுகிறது. சேகாவின் கேம் கியர் கையடக்கக் கருவியில் உள்ள மின்தேக்கிகள் கசிந்து, ஒலியும் படமும் மங்குவது பரவலாக அறியப்பட்ட குறை. முதல் எக்ஸ்பாக்ஸ் கருவியின் கடிகார மின்தேக்கி கசிந்தால் அருகிலுள்ள மின்சுற்றுப் பாதைகளை அரித்துவிடும். அலமாரியில் சும்மா இருந்தாலும் இது நிகழும்.

இவற்றுள் மீட்க முடியாதது சேமிப்புத் தரவு. 1987இல் அமெரிக்காவில் வெளிவந்த த லெஜண்ட் ஆஃப் செல்டா முதலாகப் பல கேட்ரிட்ஜ்களில், விளையாடியவரின் முன்னேற்றம் ஒரு சிறு நினைவகச் சில்லில் பதிகிறது. மின்சாரம் நின்றால் அச்சில்லு அனைத்தையும் மறந்துவிடும். ஆகையால் ஒரு பொத்தான் மின்கலம் அதற்கு இடைவிடாது மின்சாரம் அளித்துக்கொண்டிருக்கிறது. இம்மின்கலம் பதினைந்து முதல் முப்பது ஆண்டுகள் வரை தாங்கலாம். உள்ளே கடிகாரமும் ஓடும் போக்கிமான் கோல்டு, சில்வர் போன்றவற்றில் இன்னும் விரைவில் தீர்ந்துவிடும். மின்கலத்தை மாற்றும்போது பழையதைக் கழற்றிய கணமே தரவு அழிகிறது. மறைந்த தம்பியின் பெயர் பதிந்த சேமிப்புக் கோப்பு ஒன்று அதில் இருக்கலாம். வாங்குபவருக்கு அது வெறும் பழைய பதிவு. முதல் நாளிலேயே அழித்துவிட்டுத் தம் ஆட்டத்தைத் தொடங்குவார். கேட்ரிட்ஜின் தரவைக் கணினிக்கு நகலெடுக்கும் சிறு கருவிகள் விற்பனையில் உள்ளன. விற்பதற்கும் மின்கலம் மாற்றுவதற்கும் முன்பு இவ்வேலையைச் செய்து முடிப்பது நன்று.

விற்றபின் மீண்டும் வேண்டும் என்று தோன்றினால், விற்ற விலைக்கு வாங்க இயலாது. கழிவு, அஞ்சல் கட்டணம், விலை ஏற்றம் எனப் பலவும் சேர்ந்துகொள்ளும். பணத்தேவை அவசரமாக இல்லையெனில், ஆட விரும்பும் சிலவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் விற்பவர்களே பின்னர் குறைவாக வருந்துகின்றனர் என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. விற்காமல் வைத்திருப்போர் ஒரு பட்டியலேனும் எழுதி வைக்கவேண்டும். விவரமறியாத வாரிசுகள் பெட்டி பெட்டியாகப் பழைய பொருள் கடையில் கொடுத்துவிடுவது அரிதன்று.

போலிகள்

விற்பவர் அறியாமலேயே போலியை வைத்திருக்கக்கூடும். கேம் பாய் அட்வான்சுக்கான போக்கிமான் எமரால்டு மிகுதியாகப் போலி செய்யப்பட்ட ஒன்று. உண்மையான படியின் ஒட்டுத்தாளில் அழுத்திப் பதித்த சிறிய எண் ஒன்று தென்படும். கேட்ரிட்ஜின் அடித்திறப்பு வழியே மின்சுற்றுப் பலகையில் நின்டென்டோவின் பெயர் அச்சிடப்பட்டிருப்பதையும் காணலாம். பழைய நின்டென்டோ கேட்ரிட்ஜ்கள் பலவற்றைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் அளவுள்ள தனிவகைத் திருப்புளி தேவை. திறந்த பலகையின் ஒளிப்படத்தைச் சேர்த்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை கூடும். அனுப்பியதை மாற்றி வேறொன்றைத் திருப்பியனுப்பும் மோசடிக்கும் அப்படம் சான்றாகும்.

விற்கும் வழிகள்

மொத்தமாகக் கடைக்கு விற்பது எளிது, விலை குறைவு. கடைக்காரர் மீண்டும் விற்று இலாபம் காணவேண்டும் ஆதலால் சந்தை விலையின் ஒரு பகுதியையே தருவார். ஈபேயில் தனித்தனியாக விற்றால் முழு விலை கிடைக்கும். ஆனால் ஏறத்தாழ 13 விழுக்காடு கழிவு உண்டு, அதுவும் அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. நேரமும் செலவே. 200 ஆட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, படமெடுத்து, பொதிந்து அனுப்ப ஒன்றுக்கு அரை மணி என்று கொண்டாலும் 100 மணி நேரம் ஆகும். பத்து டாலர் ஆட்டத்துக்கு இவ்வுழைப்பு கட்டுபடியாகாது. விலையுயர்ந்த இருபது முப்பதைத் தனியே விற்று, எஞ்சியவற்றை ஒரே தொகுதியாகக் கொடுப்பது பலர் கைக்கொள்ளும் முறை. மொத்தமாக வாங்க வருபவர் நல்லவற்றை மட்டும் பொறுக்கிக் கேட்டால், எஞ்சும் தொகுதியை எவரும் சீண்டமாட்டார் என்பதை எண்ணிப் பேரம் பேசவேண்டும்.

சட்ட நிலை

சட்டப்படி பெற்ற படியை அதன் உரிமையாளர் மீண்டும் விற்கலாம் என்பது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் முதல் விற்பனைக் கோட்பாடு. ஜப்பானில் ஆட்ட வெளியீட்டாளர்கள் இதை எதிர்த்து வழக்காடினர். 2002 ஏப்பிரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பழைய ஆட்டங்களின் விற்பனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. தரவிறக்கம் செய்த ஆட்டங்களுக்கு இவ்வசதி இல்லை. 2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான நின்டென்டோவின் இணையக் கடையில் விற்பனை நிறுத்தப்பட்டது. அங்கு வாங்கியவற்றைத் தனித்து விற்க வழியில்லை.

விற்காமல் கொடையளித்தல்

நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் நிகழ்பட ஆட்டங்களைப் பேணும் பெரிய நிறுவனங்களுள் ஒன்று. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று நிகழ்பட ஆட்ட வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இதனினும் அரியவை, வெளிவராத ஆட்டங்களின் முன்மாதிரிக் கேட்ரிட்ஜ்கள். இவற்றின் சில்லுகள் பெரும்பாலும் புறஊதா ஒளியால் அழித்து எழுதக்கூடியவை. அவற்றில் தேங்கிய மின்னூட்டம் பல பத்தாண்டுகளில் மெல்லக் கசிகிறது, சாளரத்தை மூடிய ஒட்டுத்தாள் உரிந்தால் வெயிலும் அழிக்கும். அத்தகைய ஒன்று திரட்டில் அகப்பட்டால், விலை பேசுவதற்கு முன்பே அதன் உள்ளடக்கத்தை நகலெடுக்கச் செய்யவேண்டும். வேறு படி உலகில் எங்கும் இல்லாதிருக்கலாம்.