மச்சம் அகற்றிய பின் சருமத்தைப் பேணல்

சென்ற விடுமுறையில் புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே நமக்கு உறவினனாகிய ஓர் இளைஞன், கன்னத்திலிருந்த மச்சத்தை வைத்தியரைக் கொண்டு அகற்றுவித்து மூன்றே நாட்களாகியிருக்க, கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு வெயிலில் உலாவிக்கொண்டிருந்தான். "காற்றுப் பட்டாலன்றோ புண் ஆறும்!" என்பது அவன் கூற்று. அவனுடைய பாட்டியாரோ மஞ்சட்பொடி அப்பச் சித்தமாயிருந்தார். அன்பினாலும் பழக்கத்தினாலும் நேரும் இத்தகைய பிழைகளைக் களைய வேண்டியே இச்சிறு கட்டுரையை வரையலானோம்.

மச்சத்தை அகற்றும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆற்றும் வேலை உடம்பினுடையது. அதற்குப் பல வாரங்கள் வேண்டும். முதலில் இரத்தம் உறைந்து புண்வாயை அடைக்கிறது. அடுத்த சில நாட்களில் வெள்ளணுக்கள் கிருமிகளை நீக்குகின்றன. அப்போது சிறிது சிவப்பும் வீக்கமும் தோன்றுதல் இயல்பே. பின்னர்ப் புதுத்தோலின் அணுக்கள் ஓரங்களிலிருந்து ஊர்ந்து வந்து நடுவிற் கூடுகின்றன. ஈரப்பரப்பில் அவை எளிதில் ஊர்கின்றன. உலர்ந்து பொருக்குக் கட்டிய இடத்திலோ அதனடியில் வழிதேடித் தாமதிக்கின்றன. ஜார்ஜ் விண்டர் என்னும் அறிஞர் பன்றிகளின் புண்களை ஆராய்ந்து, மெல்லிய பாலித்தீன் ஏட்டால் மூடியவை, திறந்து உலரவிட்டவற்றினும் விரைவில் தோல்மூடின என்று 1962ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆகவே, காற்றாட விடுதலே நன்றென்னும் கொள்கை தவறாகும்.

முதல் நாள் கட்டை நனைக்கலாகாது. அதன்பின் நாள்தோறும் கைகளைக் கழுவிக்கொண்டு, மென்மையான சோப்பும் தூய நீரும் கொண்டு புண்ணைக் கழுவி, ஒற்றித் துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிதாகத் தடவிப் புதுக்கட்டு இடுதல் வேண்டும். மஞ்சள், சாம்பல், காப்பிப்பொடி முதலியவற்றை இடலாகாது. பொருக்கைப் பிய்த்தலும் கூடாது. தையலிட்டிருப்பின், முகத்தில் 5 முதல் 7 நாட்களிலும், முதுகில் 10 முதல் 14 நாட்களிலும் வைத்தியர் அதனைப் பிரிப்பர். பிரித்த பின்னும் தோல் பழைய வலிமையை உடனே அடைவதில்லை. ஆதலின் பாரந்தூக்குதலையும் கடும் விளையாட்டையும் சில வாரம் விலக்குக. புதுத்தோலில் வெயில் பட்டால் தழும்பு கறுக்கும். சில மாதம் குடையோ தொப்பியோ துணையாகட்டும்.

இரத்தம் கசிந்தால் தூய துணியால் 15 நிமிடம் விடாது அழுத்துக. அதன் பின்னும் நில்லாவிடினும், சிவப்பும் வலியும் நாளுக்குநாள் மிகினும், சீழோ காய்ச்சலோ காணினும், தாமதியாது வைத்தியரிடம் செல்க.

மச்சத்தின்மேற் சுண்ணாம்பைத் தடவிச் சுட்டு நீக்கும் வழக்கமும் உண்டு. அது தோலை வெந்துபோகச் செய்வதன்றி, மச்சத்தின் இயல்பை அறியும் வாய்ப்பையும் அழித்துவிடுகிறது. மச்சம் போலத் தோன்றுவன சில புற்றுநோயாயிருத்தல் கூடும். கருநிறத்தார்க்கு அது உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருதலுண்டு. 1886இல் புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரின் பயனாகவே 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஆதலின், ஐயத்திற்குரிய மச்சத்தை வெட்டி எடுத்தால், அதனை எறிந்துவிடாது பரிசோதனைக்கு அனுப்புதல் அவசியம். முடிவு தெரியும்வரை, புண் ஆறினும் சிகிச்சை முற்றுப்பெற்றதாகாது.

"உன் மச்சத்தைப் பரிசோதித்தார்களா?" என்று அவ்விளைஞனை வினவினோம். அவன் விடையின்றி நின்றான். மறுநாட்காலை, கன்னத்திற் புதுக்கட்டுடன், அதனை அறிந்து வரப் புதுக்கோட்டைக்குப் பேருந்தேறினான்.