ஓடைக் கல்லுக்கும் ஊர் உண்டு

கோடையில் தண்ணீர் வற்றிய பிறகுதான் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் நிட்சேப நதியின் கற்கள் வெளியே தெரியும். ஆடு மேய்க்கப் போனவரோ பள்ளிப் பிள்ளையோ விசித்திரமான ஒரு கல்லைச் சங்கரன்கோவிலுக்கு எடுத்து வந்தால், எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி: விண்கல்லா? விலை போகுமா?

முதல் கேள்விக்கு வீட்டிலேயே ஓரளவு விடை கிடைக்கும். எலுமிச்சைச் சாறு பட்டு நுரைத்தால் சுக்கான் கல். கத்தியால் கீறல் விழாமல், தானே கண்ணாடியைக் கீறினால் பெரும்பாலும் வெங்கச்சங்கல். ஏடு ஏடாக உரிந்தால் காக்காப்பொன். காந்தம் ஒட்டிவிட்டது என்று துள்ள வேண்டாம். மேக்னடைட் கலந்த பாறையும் ஒட்டும், பழைய இரும்பு உலையின் கிட்டமும் ஒட்டக்கூடும். கிட்டத்தை உடைத்தால் உள்ளே காற்றுக் குமிழிகள் இருந்த குழிகள் தெரியும். விண்கல்லில் அவை மிக அபூர்வம்.

விலையை விடுங்கள். என்னைக் கேட்டால், விண்கல்லைவிடப் பெரிய புதையல் மனிதக் கை பட்ட கல்தான். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தது அப்படியொரு கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரரான அவர் அதே ஆண்டில் சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்குப் போனார். அத்திரம்பாக்கம் ஓடையில் குவார்ட்சைட் கைக்கோடரிகள் கிடைத்தன. ஆறு உருட்டிய கல் எல்லாப் பக்கமும் மழுங்கியிருக்கும். கைக்கோடரியில் இரு முகங்களிலிருந்தும் சில்லுகள் பெயர்த்த தடங்கள் வந்து ஒரே விளிம்பில் கூடும். விரலால் தடவினாலே அந்தக் கூர் தெரியும்.

1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்த தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு, மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என 2011இல் அறிவித்தது. கல் வெளியில் கிடக்கும்போது விண்வெளிக் கதிர்கள் அதனுள் அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய கதிரியக்க அணுக்களை உண்டாக்குகின்றன. மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் அவை புதிதாக உண்டாவது ஏறக்குறைய நின்றுவிடும்; இருப்பவை வெவ்வேறு வேகத்தில் சிதைந்து குறையும். மிச்சமிருக்கும் விகிதம்தான் வயதைச் சொல்கிறது. ஆனால் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரியாத கல்லை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது.

அதனால் கல்லை உடனே தூக்கி வராதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். சாயர்புரத்தின் தேரி எனப்படும் செம்மணல் மேட்டிலும் கற்கருவிகளைக் கண்ட ஃபூட், எந்தப் பொருள் எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதி வைத்தார். அவருடைய சேகரிப்பு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.