உடம்பெல்லாம் மாவு பூசி ரிங்குக்கு வந்த ஜெர்மன் பாக்ஸர்: யார் இந்த ட்ரோல்மன்?

1933 ஜூலை 21, பெர்லின். ரிங்குக்குள் ஏறிய யோஹான் ட்ரோல்மனைப் பார்த்து கூட்டம் திகைத்துப்போனது. கறுப்பு முடிக்குப் பொன்னிறச் சாயம். உடம்பு முழுக்க வெள்ளை மாவு. ஹிட்லர் கொண்டாடிய 'ஆரிய வீரன்' வேஷம்!

ஏன் இந்தக் கோலம்?

'ருகெலி' என்ற செல்லப்பெயர் கொண்ட ட்ரோல்மன் 1907-ல் பிறந்து ஹனோவரில் வளர்ந்தவர். 'ஜிப்ஸி' என்று இழிவாக அழைக்கப்பட்ட ரோமா மக்களின் ஒரு பிரிவான சிந்தி இனத்தவர். (பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துச் சிந்திகள் வேறு, குழப்பிக்க வேண்டாம்.)

ரிங்கில் ஒரே இடத்தில் நிற்க மாட்டார். எதிராளியின் குத்து வந்து சேர்வதற்குள் நழுவி, வேறு பக்கத்திலிருந்து அடிப்பார். முப்பது வருஷம் கழித்து முகமது அலியிடம் உலகம் ரசித்த ஸ்டைல் அது. நாஜி பத்திரிகைகளுக்கோ அது 'ஜிப்ஸி நடனம்'.

1933 ஜூன் 9-ல் அடோல்ஃப் விட்டுடன் தேசிய லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கான போட்டி. ட்ரோல்மன்தான் தெளிவாக முன்னிலை. ஆனால் நாஜிகள் பிடியில் இருந்த சங்கம் 'யாருக்கும் வெற்றி இல்லை' என்றது. ரசிகர்கள் கொந்தளிக்க, வேறு வழியில்லாமல் பட்டத்தைக் கொடுத்தார்கள். ட்ரோல்மன் ரிங்கிலேயே அழுதுவிட்டார். சில நாட்களிலேயே பட்டம் பறிக்கப்பட்டது. காரணம்? ஆட்டம் மோசமாம், பொது இடத்தில் அழுதது அவமானமாம்!

அடுத்தது குஸ்தாவ் ஏடருடன் போட்டி. 'ஆடக் கூடாது, நின்ன இடத்தில் நின்னு சண்டை போடணும், இல்லையென்றால் லைசென்ஸ் போய்விடும்' என்று மிரட்டல். அதற்கான பதில்தான் அந்த மாவும் சாயமும். 'நிக்கச் சொன்னீங்க, நிக்கிறேன்' என்பதுபோல ரிங்கின் நடுவில் நின்று குத்துகளை வாங்கினார். ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார். கேலிதான், ஆனால் அவர் கொடுத்த விலை அவருடைய கரியர்.

அதன்பிறகு நடந்தது இன்னும் கொடுமை. கட்டாயக் கருத்தடை செய்தார்கள். மனைவியையும் மகளையும் காப்பாற்ற விவாகரத்து செய்துகொண்டார். 1939-ல் அதே நாட்டின் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார். 1942-ல் கைதாகி நொயன்கம்மே வதைமுகாமுக்குப் போனார். அங்கே ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். விளைவு, பகலெல்லாம் கட்டாய உழைப்பு, இரவில் நாஜி வீரர்களுக்கு பாக்ஸிங் பயிற்சி.

1944-ல் விட்டன்பெர்கே முகாமில் ஒரு கைதிக் கண்காணிப்பாளருடன் மோதவிட்டார்கள். ட்ரோல்மன் ஜெயித்தார். தோற்றவன் பிறகு அவரை அடித்தே கொன்றான் என்கிறது உடனிருந்தவரின் சாட்சியம்.

பறித்த பட்டத்தை ஜெர்மன் பாக்ஸிங் சங்கம் திரும்ப அங்கீகரித்தது 2003-ல். 70 வருஷம்! 2010-ல் பெர்லினில் அவருக்காக ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். சாய்ந்து கிடக்கும் ஒரு பாக்ஸிங் ரிங் அது. அதன் பெயர் '9841'. முகாமில் அவருக்குக் கொடுத்த கைதி எண்.