வானில் ஊர்ந்தால் செயற்கைக்கோள், வயலில் விழுந்தால்?

பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் இருபது முப்பது ஒளிப்புள்ளிகள் ஒரே கோட்டில் சத்தமில்லாமல் நகர்ந்து போகும். அடுத்த பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் 'பறக்கும் தட்டு' வந்துவிடும். பெரும்பாலும் அது ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள் வரிசை. 2019 மே மாதம் ஒரே ராக்கெட்டில் 60 செயற்கைக்கோள்கள் போனதிலிருந்து இந்த ஊர்வலம் வாடிக்கையாகிவிட்டது. ஏவிய புதிதில் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வாகப் போகும். பிறகு சுமார் 550 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிப் பிரிந்துவிடும்.

செயற்கைக்கோள் தானாக ஒளிர்வதில்லை. தரையில் இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் அடிக்கிறது. அந்த வெயில் அதன்மீது பட்டுத் தெறிப்பதைத்தான் பார்க்கிறோம். நடுவானில் திடீரென்று மறைந்தால் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். சிவப்பு, பச்சை விளக்குகளோடு சிமிட்டினால் விமானம். சிமிட்டாமல் பளிச்சென்று ஐந்தாறு நிமிடத்தில் வானைக் கடந்தால், அது பன்னாட்டு விண்வெளி நிலையமாக இருக்கலாம். நகர்வதே தெரியவில்லையா? வெள்ளியையோ வியாழனையோ சந்தேகப்படுங்கள். இதில் ஏமாறுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. 2012-13இல் லடாக் எல்லையில் நம் ராணுவமே மாதக்கணக்கில் உளவு ட்ரோன் என்று குறித்துவைத்தது இந்த இரண்டு கோள்களைத்தான் என்று பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் கண்டு சொன்னது.

பார்த்த நேரம், திசை, சிமிட்டியதா என்பதைக் குறித்துக்கொண்டு, செயற்கைக்கோள்கள் கடக்கும் நேரத்தைக் காட்டும் 'ஹெவன்ஸ் அபவ்' இணையதளத்தில் உங்கள் ஊரைப் போட்டுப் பாருங்கள். பாதி மர்மம் அங்கேயே தீரும். லேசர் விளக்கை மட்டும் மேலே காட்டாதீர்கள். அது விமானமாக இருந்தால் விமானியின் கண் கூசும், உங்கள் மேல் வழக்கும் பாயும்.

உண்மையான ஆபத்து அபூர்வம், ஆனால் உண்டு. 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிர வானில் தீக்கோடுகள் தெரிந்தன. சந்திரபூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் பெரிய உலோக வளையம் விழுந்து கிடந்தது. சீன ராக்கெட்டின் பாகம் என்பது நிபுணர்கள் கணிப்பு. இப்படி எது விழுந்தாலும் தொடாதீர்கள். எரிபொருள் தொட்டியில் ஹைட்ரசின் என்ற நச்சு மிச்சமிருக்கலாம். 112க்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடவும் கூடாது: 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி விழுந்த பிறகும் அது உரியவருடைய சொத்துதான்.

சேதத்துக்கு ஈடு கேட்க 1972ஆம் ஆண்டுப் பொறுப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவும் அதில் சேர்ந்துள்ளது. தரையில் நேர்ந்த இழப்புக்கு, கவனக்குறைவு இருந்ததா என்று பார்க்காமலே, ஏவிய நாடு பொறுப்பு. 1978இல் அணு உலையுடன் கனடாவில் சிதறிய சோவியத்தின் காஸ்மாஸ் 954க்காக, சுமார் 60 லட்சம் கனடா டாலர் கேட்ட கனடாவுக்கு 1981இல் 30 லட்சம் கிடைத்தது. ஆனால் இந்த வழியில் தனி ஆள் கேட்க முடியாது, அரசுதான் கேட்க வேண்டும், பொதுவாக ஓராண்டுக்குள். எனவே புகைப்படம், காவல் நிலையப் புகார் ரசீது, மருத்துவச் செலவுச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். விழுந்தது நம் நாட்டு ராக்கெட்டின் துண்டு என்றால், நம் குடிமக்களுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது. உள்நாட்டுச் சட்டப்படி நம் நீதிமன்றத்தில்தான் ஈடு கேட்க வேண்டும்.