தோட்டைக் கழற்றினால் துளை என்ன ஆகும்?

மே மாதத்தில் நீட் தேர்வு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, திருச்சியின் தேர்வு மைய வாசல்களில் தோடும் மூக்குத்தியும் கழன்று அம்மாக்களின் கைப்பைக்குள் போகும். நகை எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது விதி. 2017 மே 7-ஆம் தேதித் தேர்வில் இந்தக் கெடுபிடி தமிழ்நாடு முழுக்கப் பேச்சானது. காத்திருப்பும் தேர்வும் சேர்த்து ஐந்தாறு மணி நேரம். கைக்குழந்தையாக இருந்தபோதே காது குத்தப்பட்ட பெண்ணுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் ஆகாது. போன மாதம் மூக்குக் குத்திய பெண்ணுக்கு, வெளியே வந்து மூக்குத்தியை எடுக்கும்போது துளை இல்லாமலே போயிருக்கலாம்.

காரணம் எளியது. ஊசி இறங்கிய இடம் உடலுக்கு ஒரு காயம். காயத்தை மூடத்தான் அது பார்க்கும். நடுவில் கம்பி நிற்பதால் மூட முடியாமல், இரு பக்கத்திலிருந்தும் தோல் கம்பியை ஒட்டி உள்நோக்கி வளர்ந்து ஒரு சிறு குழாயாகிறது. காது மடலின் மென்மையான கீழ்ப்பகுதியில் இதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். மூக்கில் இரண்டு முதல் நான்கு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். மேல்காதின் குருத்தெலும்பில் நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம். இந்தக் குழாய் முழுசாக அமைவதற்கு முன் நகையைக் கழற்றினால் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் துளை சுருங்கி மூடிவிடும். அமைந்துவிட்டால், வருடக்கணக்கில் வெறுங்காதாக விட்டாலும் பெரும்பாலும் ஒரு புள்ளியாவது மிஞ்சும்.

மூக்கு மட்டும் ஏமாற்றும். வெளியே துளை திறந்திருப்பதாகத் தெரிந்தாலும் உள்பக்கத்தின் ஈரச்சவ்வு சீக்கிரம் மூடிக்கொள்ளும். பல வருடம் போட்ட மூக்குத்தியைச் சில வாரம் கழற்றி வைத்தவர்கள் திரும்பப் போடும்போது ரத்தம் பார்ப்பது இதனால்தான்.

திருச்சி பாலக்கரையில் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் எந்தப் பக்கத்து வீடானாலும் பெண் குழந்தைக்குக் காது குத்தாமல் விடுவது அரிது. துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி, ஈர்க்குச்சி சொருகும் வழக்கமும் பழையது. இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற யோசனை சரிதான், ஆனால் குச்சி சரியில்லை. உள்ளே ஒடிந்தால் சிலும்பு தங்கிச் சீழ் பிடிக்கும். ஆறிய துளைக்கு மருத்துவத் தர நைலான் தண்டு நல்லது. ஆறாத துளைக்கு ஒரே மருந்து, கழற்றாமல் இருப்பது.

சீழ் பிடித்தால்? எல்லோரும் முதலில் செய்வது நகையை உருவி எடுப்பது. அதுதான் தவறு. கம்பி போனதும் வாய் மூடிக்கொள்ள, சீழ் வெளியேற வழியில்லாமல் உள்ளே கட்டியாகும். மருத்துவர் சொல்லும்வரை நகை இருக்கட்டும். மேல்காது சிவந்து, வீங்கி, தொட்டாலே வலித்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். மேல்காதில் பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற கிருமியின் வேலை நடக்கும். தாமதித்தால் குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிவிடும். நகைக்கடைத் துப்பாக்கியால் மேல்காதில் குத்த வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதற்காகத்தான். துப்பாக்கி குருத்தெலும்பை நசுக்குகிறது, அதன் எல்லாப் பாகத்தையும் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யவும் முடியாது.

கழற்றினாலும் போகாதது கீலாய்டு என்ற தழும்புக் கட்டி. நம் நிறத்துத் தோலில் இது அதிகம். வெறுமனே வெட்டி எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வருகிறது, சில சமயம் முன்னைவிடப் பெரிதாக. ஸ்டீராய்டு ஊசியும் அழுத்தம் தரும் காதணியும் சேர்ந்தால் பலன் கூடும். வீட்டில் யாருக்காவது இது இருந்தால் புதிதாகக் குத்திக்கொள்வதை இரண்டு முறை யோசிக்கலாம்.

இழுபட்டு நீண்ட துளை வேறு கதை. தெற்கே பாம்படமும் தண்டட்டியும் போட்டு வடித்த காது, நகையைக் கழற்றியபின் தானாகச் சுருங்கவில்லை. அந்தத் தலைமுறையில் பலர் அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். கனத்த ஜிமிக்கியால் கிழிந்த காதுக்கும் அதே கதிதான். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் சின்னத் தையல் அது. திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் கேட்கலாம். ‘தையல் இல்லாமல் காது ஓட்டை அடைக்கப்படும்’ என்ற பலகை தொங்கும் அழகு நிலையங்களில் நுழையும்முன் என்ன தடவுகிறார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம். தோல் மருத்துவர் கையில் சிகிச்சை, மற்றவர் கையில் தீக்காயம்.

தகுதியில்லாத கையில் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சியே ஒரு பாடம் பார்த்திருக்கிறது. மேலச்சிந்தாமணியில் டாட்டூ கடை நடத்திய இளைஞர், எந்த மருத்துவத் தகுதியும் இல்லாமல் வாடிக்கையாளர்களின் நாக்கை இரண்டாக வெட்டிப் பிளந்ததற்காக 2024 டிசம்பரில் கோட்டை போலீசாரால் கைது செய்யப்பட்டார். மாநகராட்சி கடைக்கு சீல் வைத்தது. தோடு போட்ட துளையாவது தூர்ந்துபோகலாம். பிளந்த நாக்கு ஆறியபின் தானாகச் சேராது, அதற்கு இன்னோர் அறுவை வேண்டும். பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பது தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-ன்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம்.

கழற்றச் சொல்ல யாருக்கு உரிமை? இதை நீதிமன்றம் வரை கொண்டுபோய்க் கேட்டது ஒரு தமிழ்க் குடும்பம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த சுனாலி பிள்ளை 2004-ல் மூக்குக் குத்திக்கொண்டார். காயம் ஆறும்வரை பள்ளி அவகாசம் தந்தது. ஆறிய பிறகும் மூக்குத்தி இருந்ததால் வழக்கானது. மூக்குத்தி மதக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அவர் விரும்பி ஏற்ற பண்பாட்டு வழக்கம், விலக்கு மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2007 அக்டோபர் 5-ல் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் பள்ளியை விட்டே போய்விட்டார். 2022-ல் கர்நாடக ஹிஜாப் வழக்கில் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அக்டோபர் 13-ல் மாறுபட்ட தீர்ப்புகளைத் தந்தார்கள். ஆக, இங்கே விடை இன்னும் முடிவாகவில்லை. தேர்வு வாசலில் சட்டம் பேசி நேரத்தை இழப்பதைவிட, நீட் எழுதப்போகும் பெண் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே குத்திக்கொள்வது, இல்லை முடிந்தபின் குத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

எம்ஆர்ஐ ஸ்கேனும் அறுவை அரங்கும் விவாதத்துக்கு இடமே இல்லாதவை. எம்ஆர்ஐ கருவி உலோகத்தை இழுக்கலாம் அல்லது சுடவைக்கலாம். இரண்டு இடத்திலும் கழற்றத்தான் வேண்டும். தேதி முன்பே தெரிந்தால், இறுகிய திருகாணியை முதல் நாளே பத்தரிடம் தளர்த்திக்கொள்ளலாம். துளை புதிது என்றால் மருத்துவரிடம் சொல்லி நைலான் தண்டு மாட்ட அனுமதி கேட்கலாம்.

கடைசியாக, பில். கடையில் ‘குத்துவது இலவசம்’ என்பார்கள். இலவச சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வராது. எனவே குத்துக்கூலி, தோட்டின் விலை, எதற்காவது ரசீது வாங்குங்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால், சின்ன மூக்குத்தியில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்பதையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். நிக்கல் ஒவ்வாமைக்கு அது முக்கியம். காயம் பட்டால் படம் எடுத்து, மருத்துவர் சீட்டோடு வைத்துக்கொண்டு 1915 எண்ணில் பேசுங்கள். திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.