டிக்கெட் கொடுக்க மெஷின். கம்பி எண்ண மேனேஜரா?

சென்னை:- ஒரு காலத்தில் சினிமா தியேட்டர் மேனேஜர் என்றால் பேட்டைக்கே ராஜா. புதுப்படம் வந்தால் "சார், ரெண்டே ரெண்டு டிக்கெட்" என்று போலீஸ் ஏட்டு முதல் பெரிய மனிதர் வரை அவரைத் தேடி வருவார்கள். படப்பெட்டியை வாங்குவதும், 'ஹவுஸ்புல்' போர்டு மாட்டச் சொல்வதும், ராத்திரி வசூல் கணக்கு எழுதுவதும் அவர்தான்.

ராஜாங்கம் போச்சு!

இப்போது பெட்டியே கிடையாது. படம் ஹார்டு டிஸ்க்கிலோ, சாட்டிலைட்டிலோ வந்து விடுகிறது. ஜனங்கள் செல்போனிலேயே சீட் பிடித்து விடுகிறார்கள். வசூல் கணக்கைக் கம்ப்யூட்டரே போட்டு விடுகிறது. தியேட்டர்களும் குறைகின்றன. அண்ணா சாலை சாந்தி 2016-லும், அசோக் நகர் உதயம் 2024-லும் மூடப்பட்டன.

கைதானது யார்?

அப்படியானால் மேனேஜர் வேலையே காலியா? அதுதான் இல்லை. 2024 டிசம்பர் 4-ந் தேதி இரவு, ஐதராபாத் சந்தியா தியேட்டரில் 'புஷ்பா 2' பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. நெரிசலில் சிக்கி ஒரு பெண் பலியானார். போலீசார் கம்ப்யூட்டரையா பிடித்தார்கள்? தியேட்டர் மேனேஜரும், பால்கனி பொறுப்பாளரும் கைதானார்கள். 1997-ல் டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் மாண்ட வழக்கிலும் மேனேஜர்கள் கூண்டில் ஏறினார்கள்.

வெளியே போகும் கதவு பூட்டிக் கிடக்கிறதா, தீயணைப்புக் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். ஏ.சி. நின்றால் கூச்சல் போடும் ரசிகர்கள் முன் போய் நிற்கவும் ஆள் வேண்டும். என்ன, முன்பு ஒரு திரைக்கு ஒரு மேனேஜர். மல்டிபிளெக்சில் ஐந்தாறு திரைக்கும் சேர்த்து ஒருவரே ஓட வேண்டும்!