நாம் ஆடியது மெதுவான மரியோ

எளாவூரில் ரயிலேறி, சென்னை பர்மா பஜாரில் டிவி கேம் வாங்கி வந்த தலைமுறைக்கு இப்போது நாற்பது வயது. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை, 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். அதே சூப்பர் மரியோவை இன்றைய கன்சோலில் பிள்ளைகளோடு ஆடிப் பார்த்தால், "என்ன இவன் இந்த ஓட்டம் ஓடுகிறான்?" என்று தோன்றும். அது பிரமை அல்ல.

ஜப்பான் டிவி நொடிக்கு 60 முறை திரையை வரைந்தது. நம் ஊர் 'பால்' முறை டிவி 50 முறைதான் வரைந்தது. அக்கால கேம்கள் நொடியை எண்ணவில்லை, திரை வரையப்படுவதையே எண்ணின. ஒரு திரை முடிந்ததும் மரியோ ஓரடி நகர்வான், ஆமை ஓரடி நகரும், பாட்டு ஒரு படி முன்னேறும். ஆகவே 60க்கு எழுதிய கேம் 50இல் ஓடும்போது ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் கிடைக்கும். ஐரோப்பாவுக்கு நிண்டெண்டோ வேகத்தைத் திருத்திய மரியோவைத் தந்தது. நகல் கேசட்டுக்கு யார் திருத்துவார்கள்?

ஆனாலும் நகல் சிப் செய்த தைவான்காரர்களின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். ஜப்பான் முறையில் ஒரு திரைக்கு 262 வரிகள், பால் முறையில் 312. கூடுதலான 50 வரிகளைப் படம் முடிந்த இடத்தில் வெறுமனே ஓடவிட்டு, மற்ற உள்கணக்கை ஜப்பான் பெட்டியில் இருந்தபடியே வைத்தார்கள். வேகம் குறைந்தது, கேம் குலையவில்லை. இந்த ஏற்பாட்டுக்கு இன்று 'டென்டி' என்று பெயர். ரஷ்யாவில் 1992இல் விற்பனைக்கு வந்த நகல் பெட்டியின் பெயர் அது. பழைய பெட்டியைக் கணினியில் போலச் செய்யும் மெசென் போன்ற எமுலேட்டர்களில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய கேம்களைப் பாதுகாப்பவர்கள் இந்த மெதுவான வடிவத்தையும் பாதுகாக்க வேண்டும் என்பேன். கோடிக்கணக்கான விரல்கள் பழகியது இதில்தான்.

நிண்டெண்டோவே தன் கேம்களை அடுத்த கன்சோலுக்கு மாற்றிய கதை இன்னும் சுவையானது. 1990இல் வந்த சூப்பர் ஃபேமிகாமின் மூளை, ஃபேமிகாமில் இருந்த 6502 வகைச் சிப்பின் வாரிசு. மின்சாரம் வந்ததும் அது 6502 போலவே விழிக்கும். அதனால் மரியோ எப்போது குதிப்பான், எங்கே விழுவான் என்ற கணக்கு அதற்குப் புரிந்துவிடும். சிக்கல் படத்திலும் ஒலியிலும்தான். பழைய பெட்டியில் ஒரு வரியில் எட்டு நகரும் உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. கூட்டம் சேர்ந்தால் உருவங்கள் மினுங்கியது அதனால்தான். புதியதில் 32 காட்டலாம். பழையதில் ஒலி மூளைச் சிப்புக்குள்ளேயே பிறந்தது. புதியதில் அதற்குத் தனிச் செயலி, தனி நினைவகம். இசையை அடியிலிருந்து அமைக்க வேண்டியதாயிற்று.

அப்படி 1993இல் வந்தது 'சூப்பர் மரியோ ஆல்-ஸ்டார்ஸ்'. வண்ணம் கொழித்தது. ஆனால் செங்கல்லைத் தலையால் முட்டி உடைத்ததும் கீழே திரும்ப வேண்டிய மரியோ, இதில் மேலேயே போகிறான். படத்தில் பார்த்தால் தெரியாத பிழை, பழகிய விரலுக்கு உடனே தெரிந்துவிடும். வீ கன்சோலுக்கு 2010இலும் ஸ்விட்சுக்கு 2020இலும் இதே 1993 பதிப்பைத்தான் கொண்டுவந்தார்கள். செங்கல் பிழையும் கூடவே வந்தது.